யாரும் கை கொடுக்காமல்

சாகுல் ஹமீது மவுத்தான அன்றைக்கு நூர்னிசா முதலில் நினைத்தது சோற்றைப் பற்றித்தான். இதைச் சொன்னால் அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று ஊர் பேசும். பேசிவிட்டுப் போகட்டும், நடந்தது அதுதான். மத்தியான லுஹர் தொழுதுவிட்டுக் கடையிலிருந்து வந்த மனுசன், "செத்த நேரம் சாயுதேன், பொறவு சாப்பிடுவோம்" என்று கட்டிலில் சாய்ந்தார். அவள் சோறு போட்டு, மீன் குழம்பு ஊற்றி, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து மூடிவிட்டுப் போய்க் கூப்பிட்டாள். எழும்பவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினாள். அப்புறம்தான் புரிந்தது. 'அடடா, சோறு ஆறிப் போச்சே' என்று ஒரு நினைப்பு வந்தது. அதற்குப் பிறகு ரொம்ப நாளைக்கு அவளுக்கு ஒரு நினைப்பும் வரவில்லை.

அப்போது அவளுக்கு வயசு அறுபத்து நாலு. ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் சாகுல் ஹமீதின் மெத்தைக் கடை என்றால் தெரியாதவர் கிடையாது. அவர் கடையில் உட்கார்ந்து யாவாரம் பேசுவார். வீட்டில் தலகாணிக்கு இலவம்பஞ்சு அடைத்து வாய் தைப்பது நூர்னிசா. பஞ்சு மூட்டையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவாள், இறங்குவாள், ஒரு மூச்சு வாங்க மாட்டாள். ஆள் ஒல்லி, பிடித்தால் உடும்புப்பிடி. "ஒங்கிட்ட சண்ட போட்டா எனக்குத்தான் கை ஒடியும்" என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்வது உண்டு.

புருசன் மவுத்தான பெண் நாலு மாசம் பத்து நாள் வெளிவாசல் போகாமல், அலங்காரம் செய்யாமல் வீட்டோடு இருக்க வேண்டும். இத்தா இருப்பது என்பார்கள். அந்த இத்தாவுக்குத் துணை இருக்க ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தங்கச்சி ஃபரீதா ஒரு பையோடு வந்து இறங்கினாள். ஃபரீதாவின் பாசத்தில் குற்றம் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அதற்கு அளவு என்று ஒன்று கிடையாது. வந்த அன்றைக்கே சட்டம் போட்டுவிட்டாள்.

"அக்கா, நீ ஒண்ணையும் தொடக் கூடாது. இத்தாவுல இருக்கறவ கையக் கால அசைக்கக் கூடாது, ஆமா."

எந்த ஹஜ்ரத்து சொன்னார், எந்தக் கிதாபில் இருக்கிறது என்று யார் கேட்டார்கள்? வந்து போன பெண்களும் தலையை ஆட்டினார்கள். தண்ணீர்ச் செம்பு கைக்கு வந்தது. கஞ்சி கைக்கு வந்தது. வெங்காயம் உரிக்கலாமா என்று நூர்னிசா ஒருநாள் அரிவாள்மணைப் பக்கம் போனதற்கு, "ஏட்டி, ஊர்ல என்னைய என்ன பேசுவாக!" என்று அக்காவையே ஏட்டி போட்டுக் கத்திவிட்டு, அப்புறம் ஃபரீதாவே அழுதாள். தொழுகைக்கும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. "குனிஞ்சு நிமிர வேண்டாங்க்கா. ஒக்காந்தே தொழு, அல்லா ஏத்துக்குவான்."

நூர்னிசா எதற்கும் மறுப்பு சொல்லவில்லை. சொல்வதற்கு மனசு வேண்டுமே. சம்மணம் போட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, அப்படித்தான் இருந்தது உள்ளே. கிள்ளினால் கிள்ளுகிற விரலுக்குத் தெரியும், காலுக்குத் தெரியாது. வந்தவர்கள் அவளைக் கட்டிப் பிடித்து அழுதார்கள். அவர்கள் முதுகை இவள் தடவிக் கொடுத்தாள். "பாவம், துக்கம் தொண்டைய அடைச்சிருச்சு" என்றார்கள். அப்படி ஒன்றும் அடைக்கவில்லை. கட்டிலில் படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

இத்தா முடிந்த அன்றைக்குக் குளித்து, புதுச்சேலை உடுத்தி, பக்கத்து வீடு வரை போய் வந்தாள். திரும்பி வரும்போது ஃபரீதாவின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் வந்தாள். கால் இரண்டும் யாரிடமோ இரவல் வாங்கியது போல இருந்தது. துஆ ஓத வந்திருந்த, மார்க்கம் படித்த ஆலிமா அதைப் பார்த்துவிட்டு, "என்னம்மா இப்படி ஆயிட்டீங்க?" என்று விசாரித்தாள். ஃபரீதா பெருமையாக, "நாலு மாசமும் ஒரு துரும்பத் தொட விடலயே நான்" என்றாள்.

"ஏன்?"

"இத்தாவுல வேல செய்யக் கூடாதுல்ல?"

"தேவையில்லாம வெளிய போகக் கூடாது, சோடிச்சுக்கக் கூடாதுன்னுதான் இருக்கு. வீட்டுக்குள்ள வெங்காயம் உரிக்கக் கூடாதுன்னு எங்க இருக்கு?"

ஃபரீதா வாயில் கையை வைத்தாள். நூர்னிசாவுக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. ஃபரீதா ஊருக்குக் கிளம்பினாள். கோயம்புத்தூரிலிருந்து மகன் அன்சார் தினம் போன் பண்ணினான். கதை அதோடு முடிந்திருக்க வேண்டியது.

ஒருநாள் மத்தியானம் அடுப்படியில் கீழ்த்தட்டில் இருந்த உப்பு ஜாடியை எடுக்க நூர்னிசா தரையில் உட்கார்ந்தாள். எடுத்தாள். எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. எங்கும் வலியில்லை, விழவும் இல்லை. சும்மா எந்திரிக்க முடியவில்லை. மேடையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள், கைக்கும் வலு இல்லை. போன் ஹாலில் அடித்துக்கொண்டே இருந்தது. சரி என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் அசர் பாங்கு கேட்டது, பொழுது அடைந்து மஃரிபும் கேட்டது. உட்கார்ந்த இடமெல்லாம் ஈரம். அன்சார் பதறிப்போய்ப் பக்கத்து வீட்டு வெள்ளைத்தாய்க்குப் போன் போட, அவள் கதவைத் தட்டி, பதில் இல்லாமல், டீக்கடை மாரிச்சாமியையும் இன்னொரு ஆளையும் கூட்டிவந்து தாழ்ப்பாளை உடைத்தாள். இரண்டு ஆம்பளைகள் நூர்னிசாவின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். முகம் தெரியாத ஆம்பளை முன்னால் முக்காடு விலகாத பொம்பளை அவள். அந்த நேரத்தில் உசிரே போயிருக்க வேண்டும், அந்த அளவுக்கு வெட்கம் பிடித்தவள். ஆனால் ஒன்றும் தோன்றவில்லை. மாரிச்சாமியின் சட்டையில் டீத்தூள் வாசம் அடித்தது, அது மட்டும் ஞாபகம் இருந்தது.

"பாயம்மா, ஒரு சத்தம் குடுக்கக் கூடாதா?" என்று வெள்ளைத்தாய் அழுதாள்.

"தோணல தாயி" என்றாள் நூர்னிசா.

மறுநாள் காலையிலேயே அன்சார் காரோடு வந்துவிட்டான். எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "எலும்புல ஒண்ணும் இல்ல, சதைதான் கரைஞ்சிருக்கு. இந்த வயசுல பத்து நாள் படுத்தாலே கால்ல இருக்கற பலம் கழண்டுரும். இவங்க நாலு மாசம்ல படுத்திருக்காங்க" என்றார். "திரும்ப வருமா சார்?" என்று அன்சார் கேட்டான். "எந்த வயசுலயும் வரும். கனம் தூக்கணும். சும்மா நடந்தா மட்டும் பத்தாது." பிசியோதெரபி செய்கிற ஒரு பெண்ணின் பேரைச் சொன்னார்.

அன்சாருக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. அம்மாவின் சேலைகளைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தான். நாலாவது மாடி பிளாட், லிப்ட் இருக்கிறது, ரூம் ஒழித்து வைத்திருக்கிறோம் என்று பேசிக்கொண்டே அடுக்கினான். நூர்னிசா புர்காவைப் போட்டுக்கொண்டு வாசல் வரை வந்தாள். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் வரல."

"என்னம்மா வெளையாடுறியா? மறுபடி இப்பிடி ஆனா யாரு தூக்குவா?"

"வரல அன்சாரு."

அந்த வீட்டின் மேல் அப்போது அவளுக்கு ஆசைகூட இல்லை. ஆனால் வாய் சொல்லிவிட்டது. மனசு செத்துக் கிடந்தாலும் வீம்பு மட்டும் சாகாது போலிருக்கிறது. அன்சார் கத்தினான், கெஞ்சினான், காரில் போய் உட்கார்ந்துகொண்டான். கடைசியில், சேதி கேட்டு ஊரிலிருந்து ஓடி வந்த ஃபரீதாதான் நடுவில் புகுந்து பேசி முடித்தாள். நோம்புப் பெருநாளைக்கு அவன் வருவான். அம்மா தரையில் உட்கார்ந்து, யாரும் தொடாமல், எதையும் பிடிக்காமல் தானே எந்திரிச்சுக் காட்ட வேண்டும். காட்டினால் இந்த வீட்டில் இருக்கலாம். இல்லையென்றால் அன்றைக்கே கோயம்புத்தூர். அதுவரை ஃபரீதா கூட இருப்பாள். "பேச்சு மாறக் கூடாது" என்றான் அன்சார். "மாற மாட்டேன்" என்றாள் நூர்னிசா.

பிசியோதெரபிப் பெண்ணின் பேர் செல்வலட்சுமி. மெடிக்கல் ஷாப்புக்கு மேலே இரண்டு ரூம். காலேஜில் பளு தூக்குனவளாம், குரலும் அதற்கேற்ற மாதிரி. முதல் நாள் வீட்டுக்கே வந்து நூர்னிசாவின் தொடையை மாவு பார்ப்பது போல அமுக்கிப் பார்த்துவிட்டு, "என்ன சாப்பிடுதீங்க?" என்றாள்.

"கஞ்சி. ரொட்டி பால்ல முக்கி" என்று ஃபரீதா முந்திக்கொண்டு சொன்னாள்.

"முட்டை? கறி? சுண்டல்?"

"மனசு செத்துக் கெடக்கறவளுக்கு முட்டையா!"

"அக்கா, மனசுக்கு நான் வைத்தியம் பாக்கல. தொடைக்குப் பாக்கறேன். தெனம் ரெண்டு முட்டை, ஒரு கிண்ணம் சுண்டல்."

பிறகு நாற்காலியில் இரண்டு தலகாணியைப் போட்டு நூர்னிசாவை உட்காரச் சொன்னாள். கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு எழ வேண்டும், உட்கார வேண்டும், எழ வேண்டும். அதுதான் பயிற்சியாம். ஃபரீதாவுக்கு ஏமாற்றமாகிவிட்டது. "இதுக்குக் காசு வாங்குவாகளா?" என்று அக்காவின் காதில் முணுமுணுத்தாள். செல்வலட்சுமி வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். எண்ணும்போது தன்னை மறந்து அவள் பாஷையில் எண்ணுவாள். "ஒகட்டி... ரெண்டு... மூடு..." நாலுகு வருவதற்குள் நூர்னிசாவுக்குக் கால் உதறியது. "ம், இன்னொண்ணு. கீழ தொப்புனு விழக் கூடாது. மெல்ல எறங்கணும். எறங்கறதுலதான் பலம் வரும்."

மறுநாள் காலையில் கக்கூஸில் உட்காரப் போன நூர்னிசா, "யா அல்லா!" என்று தெரு கேட்கக் கத்தினாள். ஃபரீதா ஓடி வந்தாள். தொடை இரண்டும் அடித்துத் துவைத்த மாதிரி வலித்தது. நூர்னிசா அந்த வலியைப் பிடித்துப் பார்த்தபடி நின்றாள். சாகுல் ஹமீது போன பிறகு அவளுக்கு நன்றாகத் தெரிந்த முதல் விஷயம் அதுதான். "சும்மா இரு, நல்லாத்தான் இருக்கு" என்றாள். அக்காவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஃபரீதா வெள்ளைத்தாயிடம் போய்ச் சொன்னாள்.

வலி இரண்டு நாளில் போய்விட்டது. பழைய மரத்துப்போன நிலையே திரும்ப வந்தது. ஆனாலும் அவள் விடவில்லை. ஆர்வம் என்று சொல்ல முடியாது. வேறு ஒன்றும் செய்யத் தோன்றாததால் இதைச் செய்தாள். நாற்காலியில் ஒரு தலகாணி குறைந்தது. அப்புறம் தலகாணியே இல்லை. அப்புறம் நாற்காலி போய் முக்காலி வந்தது. எண்ணெய்க் கேனில் தண்ணீர் நிரப்பி இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு ஹாலில் நடந்தாள். சுவரில் கையை ஊன்றித் தள்ளினாள். படியில் ஏறி இறங்கினாள். உடம்பு சொன்னதைக் கேட்க ஆரம்பித்ததும், செல்வலட்சுமி அவளைத் தன் இடத்துக்கே வரச் சொல்லி, கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு ஒன்றைத் தரையில் வைத்துத் தூக்கு என்றாள்.

"இடுப்பு போயிரும்மா!"

"முதுக வளைச்சுத் தூக்குனா போகும். இடுப்பப் பின்னால தள்ளி, காலால தூக்குங்க. பஞ்சு மூட்டையத் தூக்குன ஆளுதானே நீங்க?"

"பஞ்சு மூட்டைக்கு யாரு எண்ணுனா?" என்றாள் நூர்னிசா. அவள் கேலி பேசி எத்தனையோ மாசம் ஆகியிருந்தது. ஃபரீதா அதைக் கவனித்தாள். நூர்னிசா கவனிக்கவில்லை.

தெருவில் பேச்சு கிளம்பாமல் இருக்குமா? பாய் போய் வருசம் திரும்பவில்லை, பாயம்மா பயில்வான் ஆகப் போறாக என்று சிரித்தார்கள். வெள்ளைத்தாய் முதலில் சிரித்தவள்தான். ஒரு வாரம் கழித்து, "செத்த வழி விடுங்க, எனக்கும் முட்டி பிடிக்குது" என்று தானும் ஒரு நாற்காலியோடு வந்து உட்கார்ந்தாள். மனசு ஒப்பாதவள் ஃபரீதா ஒருத்திதான். அக்கா தானே தண்ணீர் எடுத்துக்கொள்கிறாள். அக்கா தானே குளிக்கிறாள். செம்பை நீட்டினால், "அங்கிட்டு வையி, நான் எடுத்துக்கிடுதேன்" என்கிறாள். ஒருநாள் தாங்க முடியாமல் கேட்டுவிட்டாள்.

"நான் பாத்துக்கிட்டது தப்பாக்கா? நான்தான் ஒன்னய மொடமாக்குனேனா?"

அதற்கு ஒரு பதில் சொல்ல வேண்டும், தங்கச்சியைக் கட்டிப் பிடிக்க வேண்டும் என்று நூர்னிசாவுக்குத் தெரிந்தது. தெரிந்ததே தவிர உள்ளேயிருந்து ஒன்றும் எழும்பி வரவில்லை. "அதெல்லாம் இல்ல" என்றாள். அது ஆறுதலாகவே இல்லை. ஃபரீதா மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

தரைப் பாடம்தான் கடைசி. செல்வலட்சுமி பாயை விரித்து மல்லாக்கப் படுக்கச் சொன்னாள். "ஒருக்களிச்சுத் திரும்புங்க. கைய ஊனி மண்டி போடுங்க. ஒரு காலை முன்னால வைங்க. இப்ப அந்தக் காலைத் தரையில அமுத்துங்க. தரைதான் உங்களத் தூக்கி விடும்." முதலில் முக்காலியைப் பிடித்து எழுந்தாள். பிறகு அதை எட்டத் தள்ளி வைத்தார்கள். பல தடவை பாதியில் உட்கார்ந்தாள். நோம்பு பிறந்ததும் செல்வலட்சுமி கனத்தைக் குறைத்தாள், நிறுத்தவில்லை. நோம்பு திறந்த பிறகு தராவீஹ் தொழுகையில் ஒருநாள் நூர்னிசா பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோரம் தள்ளிவிட்டு, முசல்லாவை விரித்து அதன் மேல் நின்றாள். குனிந்து, நெற்றியைத் தரையில் வைத்து, திரும்ப எழுந்து நின்றாள். ஆட்டம் இருந்தது, ஆனால் நின்றுவிட்டாள். பக்கத்தில் ஃபரீதா, முட்டி வலி என்று அந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

பெருநாள் வந்தது. அன்சார் வந்தான். மருமகள் அவள் அம்மா வீட்டில் பெருநாளுக்கு நின்றுவிட்டாளாம். பிரியாணி சாப்பிட்டு முடித்து, பல்லைக் குத்திக்கொண்டு அவன் சொன்னான். "அம்மா, அதெல்லாம் வேணாம். ஏதோ கோவத்துல சொன்னேன். ஒன்னால முடிஞ்சத..."

"பேச்சு மாறக் கூடாதுன்னு நீதான சொன்ன?"

ஹால் நடுவில், பிடிக்க ஒன்றும் இல்லாத இடமாகப் பார்த்து நின்றாள். மெல்ல இறங்கி உட்கார்ந்தாள். கேட்டது அவ்வளவுதான், ஆனால் அவள் மல்லாக்கப் படுத்தே காட்டினாள். ஃபரீதா, "யா ரப்பே" என்று கண்ணை மூடிக்கொண்டாள். நூர்னிசா ஒருக்களித்தாள். மண்டி போட்டாள். இடது காலை முன்னால் வைத்தாள். பாதி வரைக்கும் வந்து தொடை ஒரு நடுக்கம் நடுங்கியது. அன்சார் கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தான்.

"தொடாத!"

நின்றான். அவள் எழுந்துவிட்டாள். நேராக நின்று, முக்காட்டை இழுத்துவிட்டு, மகனைப் பார்த்தாள்.

அன்சாரின் கண் கலங்கியிருந்தது. ஆனால் அவள் பார்த்தது அதை இல்லை. அவன் தோள் இரண்டும் தளர்ந்து இறங்கின. இத்தனை மாசமாக எதையோ சுமந்துகொண்டு நடந்தவன், அதை இறக்கி வைத்துவிட்டு மூச்சு விடுவது போல விட்டான்.

"சரிம்மா. நீ ஜெயிச்சிட்ட. இங்கயே இரு" என்றான். "எனக்கு இப்பத்தாம்மா உசுரு வந்துச்சு. நீ அங்க வரமாட்டேன்னு அடம் பிடிச்சா மாசாமாசம் எப்பிடி வந்து போறதுன்னு முழிச்சுக்கிட்டு இருந்தேன். இனி பக்ரீத்துக்கு வந்தாப் போதும்ல?"

"போதும்" என்றாள்.

"அப்ப நானும் ஊரப் பாக்கப் போறேன். எனக்கு இங்க என்ன வேல இருக்கு?" என்றாள் ஃபரீதா. கோபமாகச் சொன்னாளா, வருத்தமாகவா, தெரியவில்லை. போகிற வழிதானே, ஸ்ரீவில்லிபுத்தூரில் இறக்கிவிடுகிறேன் என்றான் அன்சார். ஃபரீதா பையில் துணியைத் திணித்தாள். அன்சார் அம்மாவின் இரண்டு கையையும் பிடித்து முத்தம் கொடுத்தான். "இரும்பு மாதிரி இருக்கம்மா" என்றான். கார் தெருமுனை திரும்புகிறவரை நூர்னிசா வாசலில் நின்றாள். கால் வலிக்கவில்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம் போல இருந்தது.

உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். பிரியாணித் தட்டுகளை எடுத்துத் தொட்டியில் போட்டாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே, வாய் தன்னால், "ஏங்க, எந்திரிச்சுட்டேங்க" என்றது. ஹாலைப் பார்த்துத்தான் சொன்னாள். ஹாலில் யாரும் இல்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மவுத்தான மனுசன் நிசமாகவே போய்விட்டார். இனி அவள் விழ மாட்டாள், அதனால் யாரும் ஓடி வர மாட்டார்கள். தூக்கிவிட வந்த கைகளையெல்லாம் வேண்டாம் என்று தானே அனுப்பிவிட்டாள். கட்டிலைப் பார்த்தாள். இத்தனை மாசமாக அதே கட்டிலில்தான் படுத்தாள், எழுந்தாள், ஒன்றும் செய்யவில்லை. இப்போது அதைப் பார்க்க முடியவில்லை. வயிற்றிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. தன் சத்தம்தானா என்று அவளுக்கே பயமாக இருந்தது. தரையில் உட்கார்ந்தாள். "என்ன விட்டுட்டுப் போயிட்டீகளே, ஒரு வாய்ச் சோறு திங்காமப் போயிட்டீகளே" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். ஊரே வந்து அழச் சொன்னபோது வராத அழுகை அது. வெள்ளைத்தாய் வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது, கேட்டிருக்காது.

மஃரிப் பாங்கு சொன்னார்கள். நூர்னிசா முந்தானையில் முகத்தைத் துடைத்தாள். பழக்கத்தில், யாராவது வந்து கை கொடுப்பார்களா என்று ஒரு நிமிஷம் வாசலைப் பார்த்தாள். பிறகு ஒரு கையைத் தரையில் ஊன்றி, மண்டி போட்டு, இடது காலை முன்னால் வைத்து, அழுதுகொண்டே எழுந்தாள்.